நாக்கு அவருடையது, கேள்வி என்னுடையது

இதை எழுதவென்று நான் கொப்பி வாங்கியது இது மூன்றாவது தடவை. முதற் கொப்பியில் என் மகள் கணக்குச் செய்து முடித்தாள். இரண்டாவதைக் கறையான் தின்றது. இரண்டிலும் நான் எழுதியிருந்தது ஒரு சிலுவை அடையாளமும் ஒரேயொரு வரியும்தான். அடுத்த வரி தெரியாமல் நான் நிற்கவில்லை. நன்றாகத் தெரிந்தபடியால்தான் நின்றேன்.

ஊர்காவற்றுறைத் தீவில், நாரந்தனைக்குக் கிட்டவுள்ள ஒரு கரையூர்க் கத்தோலிக்கக் கோயிலில் இருபத்தைந்து வருடம் உபதேசியாராக இருந்தவன் நான். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பது, சுவாமியார், அதாவது பங்குக் குரு, இல்லாத நாட்களில் செபம் சொல்வது, நோயில் கிடக்கும் வருத்தக்காரர் வீட்டுக்கு அவரைக் கூட்டிப் போவது, ஞானஸ்நானப் புத்தகத்தில் பெயர் பதிவது, இவை என் வேலை. கண் மங்கியதால் இரண்டு வருடத்துக்கு முன் ஓய்ந்தேன்.

போன மாதம் இளம் உபதேசிமாருக்கு ஒரு தியானக் கூட்டம் நடந்தது. பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கேட்டார்:

"ஐயா, முந்தி உங்கடை கரையிலை ஒரு வெள்ளைக்காரச் சுவாமி இருந்தவராம். வள்ளம் தள்ளேக்கை வாய் வைச்சு ஒரு மனுசனைக் கடலுக்குக் குடுத்தவராம். மெய்யே?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "சோறு ஆறுது, சாப்பிடும்" என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இத்தினை வருசமா ஆறின சோத்தைத்தானே தின்னுறியள். இனியாவது எழுதுங்கோ" என்றாள்.

வாய் வைப்பது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தொழிலுக்கு, அதாவது மீன் பிடிக்க, வெளிக்கிட்டவனை "எங்கே போகிறாய்?" என்று எங்கள் கரையில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் கெடும் என்பார்கள். யாராவது அறியாமல் கேட்டுவிட்டால், போனவன் திரும்பி வந்து, கொஞ்சம் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவான்.

நான் கரைக்காரன் அல்ல. புளியங்கூடல் பக்கம் தோட்டம் செய்கிற வேதக்காரக் குடும்பம் எங்களுடையது. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு ஒன்றரை வருடம் பட்டணத்தில் உபதேசிமாருக்கான படிப்பு. சகுனம் பார்ப்பது பத்துக் கட்டளைகளில் முதலாம் கற்பனைக்கு விரோதம் என்று அங்கே படித்ததை அப்படியே நெஞ்சில் ஏற்றிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தேன். வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் வாசலில் வைத்து ஆண்களுக்கு அதைச் சொன்னேன். எங்கே போகிறாய் என்று கேட்டால் கடல் பொங்குமோ என்றும் கேட்டேன்.

கரையாட்களுக்குத் தலைவராய் முன்னின்றவர் சவிரிமுத்து அண்ணை. வெற்றிலையைத் துப்பிவிட்டு அவர் சொன்னார்:

"உபதேசியார், கத்தரிக்காய்க்குத் தண்ணி இறைக்கிறது உமக்குத் தெரியும். கடலைப் பற்றி வாயைத் திறவாதையும்."

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்குக் கத்தரிக்காய் உபதேசியார் என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். ஆனால் எனக்குக் கேட்கும் தூரத்தில் சொல்வார்கள்.

மூன்று வருடம் கழித்து அல்பீன் சுவாமியார் வந்தார். ஐம்பதுகளின் கடைசி அது. இத்தாலி தேசத்தின் வடக்கே, வருடத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் ஒரு மலைக்கிராமம் அவருடைய ஊர். தகப்பன் மாடு வளர்த்தவர். சுவாமியாருக்கு வயது இருபத்தேழு, என்னிலும் ஒன்று கூட. சோளகம் என்ற தென்மேல் காற்றுத் தொடங்கின நாளொன்றில் ஒரு றங்குப்பெட்டியோடும் ஒரு குடையோடும் பஸ்ஸால் இறங்கினார். முகம் வெளிறியிருந்தது. மண்டைதீவுப் பக்கம் ரோட்டுக்கு இரண்டு புறமும் தண்ணீரைக் கண்டவுடன் கண்ணை மூடினவர், இறங்கும் இடம் வந்த பிறகுதான் திறந்தாராம். கடல் அவருக்கு அவ்வளவு பயம். அப்படிப்பட்டவரைத்தான் நாலு பக்கமும் கடல் கிடக்கிற ஊருக்கு அனுப்பியிருந்தார்கள்.

அவருடைய ஒரு நாளை நான் இப்போதும் மணிக்கூடு பார்த்தது போலச் சொல்வேன். நாலு மணிக்கு எழும்பித் தானே கிணற்றில் அள்ளிக் குளிப்பார். எங்கள் உவர்த்தண்ணீரில் சவுக்காரம் நுரைக்காது. ஐந்து மணிக்கு இலத்தீனில் பூசை. பூசை முடிந்ததும் நேரே கடற்கரை, படித்த தமிழை ஆட்களோடு பேசிப் பார்க்க. அதன் பிறகுதான் கோப்பி, பிறகு ஒரு மணித்தியாலம் என்னிடம் பாடம், பிறகு சைக்கிளில் வருத்தக்காரர் வீடுகள். மத்தியானம் சோறும் மீன்குழம்பும். முதல் மாதம் ஒவ்வொரு வாய்க்கும் கண்ணால் தண்ணீர் ஓடும். மிளகாயைக் குறைக்கட்டோ என்று குசினிக்காரப் பெண் கேட்டதற்கு, "ஊர் முழுக்கக் குறைப்பீரோ?" என்று கேட்டார். கோப்பையில் ஒரு பருக்கை மிச்சம் விட்டதில்லை.

பட்டணத்தில் ஆறு மாதம் புத்தகத் தமிழ் படித்திருந்தார். பேச்சுத் தமிழ் என் பொறுப்பு. பள்ளிப் பிள்ளைகளின் சிலேற்று ஒன்று வைத்திருந்தார். நாளுக்கு இருபது சொல். பின்னேரம் மணலில் நடந்துகொண்டு இருபதையும் பிழையில்லாமல் சொன்னால் சிலேற்றை அழிப்பார். ஒன்று பிசகினாலும் இருபதும் அடுத்த நாளுக்கு நிற்கும். றகரம் அவருக்கு வந்தது போல எங்கள் ஆட்களுக்கே வராது. அவருடைய பாஷையிலும் அப்படி உருட்டுவார்களாம். ழகரம்தான் வரவில்லை. நாக்கு நுனியை விரலால் மடித்துப் பிடித்துக்கொண்டு "வாழைப்பழம்" சொல்லுவார். மூன்று மாதத்தில் விரல் தேவைப்படவில்லை.

ஒருநாள் என்னிடம் கேட்டார்: "உபதேசியார், எல்லாரும் எனக்கு ஒரு சொல் சொல்லுகினம். சுவாமிக்கு வெயிலிலை ஏலாது. சுவாமிக்கு உறைப்பு ஏலாது. சுவாமிக்கு வள்ளத்திலை ஏலாது. ஏலாது என்றால் என்ன?"

முடியாது என்பதுதான் என்று சொன்னேன். சிலேற்றில் எழுதினார், பார்த்தார், உள்ளங்கையால் அழித்தார்.

"இது எனக்கு வேண்டாம்" என்றார்.

இன்னொரு நாள், ஆட்களோடு கதை தொடங்க என்ன சொல்வது என்று கேட்டார். நான் நாலு கேள்வி படிப்பித்தேன். சுகமாய் இருக்கிறியளோ? சாப்பிட்டாச்சோ? பிள்ளையள் பள்ளிக்கூடம் போயிட்டினமோ? நாலாவது, எங்கை போறியள்?

"இதை ஆரிட்டைக் கேக்கலாம்?"

"ஆரிட்டையும் கேக்கலாம், சுவாமி. கடற்கரையிலை கேட்டால் நல்லம்."

இதுதான் நான் எழுதாமல் விட்ட அடுத்த வரி. அறியாமல் படிப்பித்தேன் என்று ஒருவரும் எனக்காகச் சொல்ல வேண்டாம். அறிந்துதான் படிப்பித்தேன். என் வாயால் கேட்க எனக்குத் தைரியமில்லை. வெள்ளைச் சுவாமியார் கேட்டால் ஒருவரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள், அவர் கேட்கக் கேட்க வள்ளங்கள் போய் வந்தால் அந்த நம்பிக்கை தானாகச் செத்துப்போகும் என்று நினைத்தேன். அதை வேத வைராக்கியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி சவிரிமுத்து அண்ணையின் மேலிருந்த கோபம்.

சுவாமியார் அடுத்த நாளே தொடங்கிவிட்டார். பூசை முடிந்து மணலில் இறங்கி, ஒவ்வொரு வள்ளத்தடியிலும் முகம் நிறையச் சிரிப்போடு "எங்கை போறியள்?" என்று கேட்டார். ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாயை அவிழ்த்தவர்கள் அப்படியே கரையில் குந்தினார்கள். வலையில் பிழை பார்ப்பது போலப் பார்த்தார்கள். அவர் அந்தப் பக்கம் போன பிறகு தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்பட்டார்கள். சுவாமியார் என்றபடியால் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சில கிழமையில் ஆண்கள் பூசைக்கு வருவது குறைந்தது. அவர் கரைக்கு வருமுன்னே தள்ளிவிட வேண்டும் என்று பனைகளுக்குப் பின்பக்கத்தால் வள்ளத்தடிக்குப் போனார்கள். தன் பிரசங்கம்தான் சரியில்லை என்று அவர் நினைத்தார். சொற்களை இருபதிலிருந்து முப்பதாக்கினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாடைக் காற்றுக் காலம் வந்தது. ஒருநாள் விடிய, சவிரிமுத்து அண்ணையின் மூத்த மகன் மடுத்தீன் பூசைக்கு வந்திருந்தான். கலியாணம் முடித்து ஒரு வருடம். மனைவி திரேசம்மாவுக்கு ஏழாம் மாதம், அவளுக்காகச் செபிக்க வந்தவன். பூசை முடிய நேரமாகிவிட்டது. அவனும் அவனுடைய மச்சானும் வள்ளத்தைத் தள்ளும்போது சுவாமியார் வந்தார். நானும் கூட நின்றேன்.

"மடுத்தீன், எங்கை போறியள்?"

மச்சான் வள்ளத்திலிருந்து கையை எடுத்தான். மடுத்தீன் சிரித்தான்.

"வேறை எங்கை, சுவாமி. கிடக்கிறது ஒரு கடல்தானே" என்று சொல்லிக்கொண்டு தள்ளினான். அவன் கரையில் குந்தவுமில்லை, தண்ணீர் குடிக்கவுமில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு காற்று ஏறியது. வள்ளம் கவிழ்ந்து பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்த மச்சானை நயினாதீவுப் பக்கத்து ஆட்கள் தூக்கினார்கள். மடுத்தீனைக் காணவில்லை. எட்டு நாள் தேடினார்கள். சடலமும் கிடைக்கவில்லை.

சடலமில்லாதவருக்குப் பூசை வைக்கும் முறை உண்டு. கோயில் நடுவில் வெறும் மேடை வைத்து, கறுப்புத் துணி விரித்து, பக்கத்துக்கு மூன்றாக ஆறு மெழுகுதிரி. நான் எல்லாம் ஆயத்தம் செய்து மணி அடித்தேன். ஒருவரும் வரவில்லை. சுவாமியாரும் நானும் கோயில் மூப்பரும் மட்டும் நின்றோம். அவர் ஒரு வரியும் குறைக்காமல் முழுவதையும் பாடினார். மேடையைச் சுற்றி வந்து தீர்த்தம் தெளித்தார். வெளியே வந்து வெறும் முற்றத்தைப் பார்த்தார்.

அடுத்த நாள் சிலேற்றோடு வந்தார். அதில் மூன்று சொல் இருந்தது.

"கிணத்தடியிலை ஒரு பொம்பிளை என்னைக் கண்டு சொன்னவ. வாய் வைச்ச மனுசன். வாய் எனக்குத் தெரியும். வைக்கிறது தெரியும். மனுசன் தெரியும். மூண்டும் சேர்ந்தால் தெரியேல்லை."

சொன்னேன். கேட்டுக்கொண்டே வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு மாதம். ஒவ்வொரு நாளும் கேட்டனான்."

"ஓம், சுவாமி."

"உமக்குத் தெரியுமோ, உபதேசியார்?"

எனக்கு நேரே சுவரில், சிலுவையில் பாடுபட்ட சுரூபம் தொங்கியது. அதற்குக் கீழே நின்றுகொண்டு சொன்னேன்: "நான் தோட்டக்காரன், சுவாமி. கரையின்ரை பழக்கம் எனக்கு வடிவாய்த் தெரியாது."

அவர் தலையை ஆட்டினார்.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த மூத்த சுவாமியார், அவரை வேறு பங்குக்கு மாற்றுவதாகக் கடிதம் அனுப்பினார். அல்பீன் சுவாமியார் அன்றே பதில் எழுதினார். அதைத் தபாலில் போட்டவன் நான். உயிர்ப்புப் பெருநாளான பாஸ்கு வரைக்கும் தவணை தாருங்கள், அதற்குள் ஆட்கள் கோயிலுக்குத் திரும்பி வராவிட்டால் நானே பெட்டியைக் கட்டுகிறேன் என்று எழுதியதாக என்னிடம் சொன்னார்.

அன்று பின்னேரம் தொடங்கி, ஒவ்வொரு நாளும் சவிரிமுத்து அண்ணையின் முற்றத்துக்குப் போனார். வீட்டார் உட்காரக் கதிரை கொடுக்கவில்லை. மணலிலேயே இருந்து செபமாலை சொல்லிவிட்டு எழும்பி வருவார். நான் படலைக்கு வெளியே நிற்பேன். ஏழாம் நாள் சவிரிமுத்து அண்ணை வெளியே வந்தார்.

"என்ன வேணும், சுவாமி?"

"எங்கடை ஊரிலை பனிமலைக்குக் கீழாலை நடக்கேக்கை ஆரும் சத்தம் போடமாட்டினம். சத்தம் கேட்டால் மலை இறங்கும் எண்டு பயம். வேறை ஊரான் ஒருத்தன் வந்து பாடிக்கொண்டு நடந்தால் நாங்கள் கோபிப்பம். நான் உங்கடை கடலுக்கு முன்னாலை பாடிக்கொண்டு நடந்தனான். அதைச் சொல்ல வந்தனான்."

அண்ணை அவருக்கு முன்னால் மணலில் குந்தினார். பிறகு கேட்டார்: "உந்தக் கேள்வியை ஆர் உங்களுக்குப் படிப்பிச்சது?"

படலைக் கம்பை நான் இறுக்கிப் பிடித்தேன். சுவாமியார் என் பக்கம் திரும்பவில்லை.

"கேட்டது நான். நாக்கு என்ரை" என்றார்.

"அப்பிடியெண்டால் நாளைக்கு என்ரை வள்ளத்திலை வாங்கோ. வாய் வைச்சவரை வைச்சுக்கொண்டே நான் போறன். திரும்பி வந்தால் உங்கடை வாயிலை ஒண்டுமில்லை. வராட்டில் ரெண்டு பேருக்கும் கவலையில்லை."

"வாறன்" என்றார் சுவாமியார்.

விடியக் கரை முழுக்க ஆட்கள். மண்டைதீவு ரோட்டில் தண்ணீரைக் கண்டு கண்ணை மூடின மனுசன், அங்கியை முழங்கால் வரைக்கும் தூக்கிக் கட்டிக்கொண்டு வள்ளத்தில் ஏறினார். சவிரிமுத்து அண்ணை வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கத்தரிக்காய் உபதேசியார், உமக்கும் ஏதாவது கேக்க இருக்கோ?"

எல்லோருக்கும் முன்னால் அன்றே அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். நான் இல்லையென்று தலையாட்டினேன்.

அன்று முழுவதும் நான் கரையை விட்டு அசையவில்லை. பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை. பொழுது சாயும்போது பாய் தெரிந்தது. சவிரிமுத்து அண்ணை சுவாமியாரைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்திருந்தது, அங்கியெல்லாம் வாந்தி.

"சத்தி எடுத்துக்கொண்டே நாள் முழுக்க வள்ளத்துத் தண்ணியை இறைச்சவர், கையை விடேல்லை" என்று கரையைப் பார்த்துச் சொன்னார் அண்ணை. "வாயையும் வடிவாய்ப் பாத்திட்டன். சத்தியைத் தவிர உள்ளுக்கை ஒண்டுமில்லை."

மடுத்தீன் போன பிறகு அந்தக் கரை சிரித்தது அன்றுதான். அடுத்த ஞாயிறு ஆண்கள் பூசைக்கு வந்தார்கள்.

திரேசம்மா மட்டும் மாறவில்லை. பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு மாமனார்தான் பிள்ளையைத் தூக்கி வந்தார். அவள் கோயில் வாசலுக்கு வெளியே நின்றாள். நான் புத்தகத்தில் தகப்பன் பெயர் எழுதும்போது பேனை மை இரண்டு இடத்தில் சொட்டியது. அந்தக் கறை இன்றும் அங்கே இருக்கும்.

கடலுக்குப் போய் வந்த மறுநாட் பாடத்திலேயே சுவாமியார் சிலேற்றை என்னிடம் நீட்டியிருந்தார். "கடலுக்குப் போறவைக்கு என்ன சொல்லுறது? இண்டைக்கு அதைப் படிப்பியும்."

"ஒண்டும் கேக்கிறேல்லை, சுவாமி. போயிட்டு வாங்கோ எண்டு மட்டும் சொல்லுறது."

பதினாலு வருடம் ஒவ்வொரு விடியலிலும் மணலில் நின்று அதைச் சொன்னார். பின்னேரம் கடைசிப் பாய் கரைக்கு வரும் வரைக்கும் அதே இடத்தில் நிற்பார். கரைக்கு வரப் போக அவருடைய வழி திரேசம்மாவின் வாசலால்தான். அவள் முகத்தைத் திருப்புவாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போவார். நான் பின்னால் போவேன்.

இதற்கிடையில் நான் வேறொரு பங்குச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மன்னிப்புக் கிடைத்தது. ஆனால் கெட்டுப்போன பெயரைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற எட்டாம் கற்பனையில் வருடா வருடம் பிள்ளைகளுக்கு நான் படிப்பிக்கிறதும் அதுதான். படிப்பித்தேன். கொடுக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் நெஞ்சு வருத்தம், இருதய நோய் என்று அவரை ஊருக்குத் திரும்பச் சொன்னார்கள். அதே றங்குப்பெட்டி. பஸ் வர நேரமிருந்தது. அப்போதுதான் சொன்னேன்:

"சுவாமி, அந்தக் கேள்வி... தெரிஞ்சுதான் படிப்பிச்சனான்."

"ஓம், உபதேசியார். எனக்குத் தெரியும்."

"எப்பிடி?"

"மற்றக் கேள்வியெல்லாம் என்ரை முகத்தைப் பாத்துப் படிப்பிச்சனீர். அதுக்கு மட்டும் கடலைப் பாத்தீர்."

"ஆக்களுக்குச் சொல்ல எனக்கு ஏலாது, சுவாமி" என்றேன்.

"அந்தச் சொல்லை நான் அழிச்சுப்போட்டன். நீரும் அழியும்" என்றார். பஸ் வந்தது. அவர் கண்ணை மூடாமல் போனதைப் பார்த்தேன்.

போன வருடம் அவர் தன் மலைக்கிராமத்தில் காலமானார் என்று கடிதம் வந்தது. சவிரிமுத்து அண்ணையும் போய்விட்டார். திரேசம்மா இருக்கிறாள்.

இவ்வளவையும் எழுதிக்கொண்டு முந்தாநாள் அவளிடம் போனேன். முற்றத்தில் காயப்போட்ட மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வாசித்துக் காட்டினேன். முடியும் வரைக்கும் அவள் கை நிற்கவில்லை.

"அண்டைக்கு வள்ளம் தள்ளேக்கை அவர் சிரிச்சவரோ?" என்று கேட்டாள்.

"ஓம், பிள்ளை. சிரிச்சுக்கொண்டுதான் தள்ளினவன்."

"அதை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "காத்து ஆரையும் கேட்டு வாறேல்லை, உபதேசியார். அதுக்காக உங்களிலை பிழையில்லை எண்டு நான் சொல்லமாட்டன். பதினாலு வருசம் அந்த மனுசனுக்கு நான் முகத்தைத் திருப்பினனான். நீங்கள் பின்னாலை பாத்துக்கொண்டு போனியள்."

"ஓம்."

"அப்ப இதிலை ஒரு சொல்லும் மாத்தாதேங்கோ. நான் முகம் திருப்பினதையும் எடுக்காதேங்கோ. சுவாமியைப் பற்றிக் கதைக்கிற ஆக்கள் இனி இதிலை எழுதினபடியே கதைக்கட்டும்."

அவள் சொன்னதையே உங்களிடமும் கேட்கிறேன். இதை வாசிக்கிறவர்கள், முக்கியமாக இளம் உபதேசிமார், அல்பீன் சுவாமியாரின் கதையை எங்கேயாவது கேட்டால் இதில் உள்ளபடியே திருத்திச் சொல்லுங்கள். வயது போனவன் பாவம் என்று என் பங்கைக் குறைக்க வேண்டாம். அவரைப் புனிதராக்க ஒன்றும் கூட்டவும் வேண்டாம். வள்ளத்தைக் கவிழ்த்தது வாடைக் காற்று. கேள்வி என்னுடையது. அவர் தன்னுடையது என்று சொன்னது நாக்கை மட்டும்தான்.